பட்டைக்கு இரண்டு வேலை

2014இல் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் இருந்தேன். சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவன், அதனால் பட்டை ஸ்பிரிங் (வண்டியின் சுமையைத் தாங்கும், வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு) விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. பத்து டன் ஏற்றுகிற வண்டிக்குப் பட்டை மாட்டியவனுக்கு ஒரு பிக்கப் எம்மாத்திரம்?

அப்போது வந்தது ஒரு டபுள் கேப் ஹைலக்ஸ், 2.7 லிட்டர் பெட்ரோல், ஃபோர் வீல். வண்டிக்காரர் உள்ளூர் இளைஞர். முன்பக்கம் வேறெங்கோ தூக்கிவிட்டார், 33 அங்குல டயரும் போட்டாயிற்று, பின்பக்கம் மட்டும் தாழ்ந்து நிற்கிறது, நாலு அங்குலம் தூக்க வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள். சீக்கிரமும் சல்லிசும் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஆக்சிலுக்கும் (இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கும் அச்சு) பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவது. மூன்று மணி நேர வேலை. வண்டி அழகாக நிமிர்ந்து நின்றது, அவரும் சந்தோஷமாகப் போனார்.

பத்து நாளில் ரெக்கவரி வண்டியில் திரும்பி வந்தது. ஹத்தா பக்கம் ஒரு கல் மேட்டில் லோ கியர் போட்டு ஏறியிருக்கிறார், பின் சக்கரம் இரண்டும் தவளை மாதிரி குதித்திருக்கின்றன, அவர் விடாமல் மிதித்திருக்கிறார். இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின் கிராஸ் (மடங்கிச் சுழல விடும் மூட்டு) உடைந்து, ஷாஃப்ட் கழன்று அடித்து, ஹேண்ட் பிரேக் கேபிளையும் வெட்டியிருந்தது. பெட்ரோல் டாங்கில் படாதது அவர் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும்தான்.

"கிராஸ் டூப்ளிகேட்" என்று நான் ஆரம்பித்தேன். எங்கள் உஸ்தாத் (தலைமை மெக்கானிக்), பெஷாவர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு ஹேக்சா பிளேடை எடுத்து இரண்டு நுனியையும் என்னைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் தன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் திருகினார். பிளேடு ஒரு பக்கம் மேலே எழும்பி, மறுபக்கம் கீழே இறங்கி, எஸ் எழுத்து மாதிரி ஆனது. விரலை விட்டதும் பட்டென்று திரும்பி அடித்தது. அவ்வளவுதான் விளக்கம், டீ குடிக்கப் போய்விட்டார்.

சக்கரத்தை ஆக்சில் முன்னால் சுற்றும்போது, அதே பலத்தோடு ஆக்சில் ஹவுசிங் (அதன் வெளிக்கூடு) பின்னால் சுற்றப் பார்க்கும். பினியன் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேர்கிற முன்பகுதி, மேலே எழும்பும். பட்டை அந்த பிளேடு மாதிரி முறுகித் திரும்பி அடிக்கும்போதுதான் சக்கரம் குதிக்கிறது. காயில் ஸ்பிரிங் வண்டியில் அதைப் பிடித்து நிறுத்தத் தனியாகக் கம்பிகள் இருக்கின்றன. பட்டை வண்டியில் ஒன்றும் கிடையாது, பட்டையே சுமையையும் தாங்க வேண்டும், ஆக்சில் புரளாமலும் பிடிக்க வேண்டும். லாரியில் பட்டை அத்தனை தடிமன், இந்தப் பிரச்சினையை நான் கண்ணாலேயே கண்டதில்லை. பத்து வருடத் தொழிலில் பட்டையின் ஒரு வேலையை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ராத்திரி ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்ஜின் தருவது ஏறக்குறைய 240 நியூட்டன் மீட்டர். ஃபர்ஸ்ட் கியரில் நாலு மடங்கு, லோ ரேஞ்சில் (மேடேறப் போட்ட அந்த லோ கியர்) இரண்டரை மடங்கு, ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களில் மறுபடி நாலு மடங்கு. மொத்தம் 9,600. பாதி முன்னால் போகட்டும், மிச்சம் 4,800 பின் ஆக்சிலைத் திருகுகிறது. இதில் என் கட்டை என்ன செய்தது? தரையில் டயர் தள்ளுகிற இடத்திலிருந்து பட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் நெம்புகோல். முன்பு 18, 19 அங்குலம் இருந்தது. நாலு அங்குலக் கட்டை, பெரிய டயரால் இன்னொரு அங்குலம். கால் பங்குக்கு மேல் நீளம் கூட்டியிருக்கிறேன், பட்டையோ அதே பழைய பட்டை.

மறுநாள் கட்டையைக் கழற்றிவிட்டோம். முதலாளிக்கு மனசே இல்லை, சின்னக் கட்டை வைத்துச் சமாளிக்கலாமே என்றார். ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலக் கட்டையோடு ஒழுங்காக ஓடுகிற வண்டிகள் எத்தனையோ உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டைமேல் கட்டை அடுக்குகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். நீட்டு ஷேக்கிள் (பட்டையின் பின்நுனியைச் சேசிஸ் சட்டத்தில் தொங்கவிடும், ஆடுகிற இணைப்பு) போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும், பினியன் கோணமும் மாறும், அதை விட்டுவிட்டோம்.

கடைசியில் வளைவு கூடிய புதுப் பட்டை செட்டே வாங்கினோம். உயரம் பட்டையின் வளைவிலிருந்தே வந்துவிட்டால் நடுவில் கட்டை எதற்கு? அந்த செட்டில் இரண்டாவது பட்டை முதல் பட்டையின் கண்ணையும் (நுனியில் சுருட்டிய வளையம்) சுற்றி வந்தது, முன்பாதியும் கொஞ்சம் விறைப்பு. ஆனால் உயரம் இரண்டரை அங்குலம்தான் கிடைத்தது. வண்டிக்காரர் முகம் சுருங்கியது, அப்புறம் சரி என்றார்.

அதோடு நிற்காமல் ஒரு டிராக்‌ஷன் பாரும் செய்தேன். ஆக்சில் ஹவுசிங்கில் மேலும் கீழும் இரண்டு இடத்தில் பிடித்து, 1.2 மீட்டர் முன்னால் போய், சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் சேர்கிற இரும்புச் சட்டம். ஆக்சில் புரளப் பார்த்தால் இது தடுக்கும். 4,800ஐ 1.2 ஆல் வகுத்தால் முன்முனையில் 4,000 நியூட்டன், கிட்டத்தட்ட 400 கிலோ. அதனால் குறுக்குச் சட்டத்துக்கு ப்ளேட் வைத்து வெல்டிங் செய்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. முன்முனையை நேராகப் புஷ் போட்டு இறுக்கிவிட்டேன்.

உஸ்தாத் வந்து பின்பக்கம் ஜாக்கி வைத்து ஏற்றி இறக்கினார். பாதியில் நின்றுவிட்டது. பட்டை அமுங்கும்போது ஆக்சில் பின்னால் நகரும், என் பாரோ அதை வேறு வட்டத்தில் இழுக்கிறது. இரண்டும் சண்டை போட்டால் ஏதாவது ஒன்று கிழியும். "இதுக்கும் ஒரு ஷேக்கிள் வேணும்" என்று மட்டும் சொன்னார். முன்முனையில் சின்ன ஷேக்கிள் தொங்கவிட்டதும் ஜாக்கி சுகமாக ஏறி இறங்கியது.

பிறகு சோதனை. பினியன் பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, போனைத் தரையில் வீடியோவில் வைத்துவிட்டு (அடியில் யாரும் படுக்கக்கூடாது, சத்தியமாக), லோ கியரில் பிரேக்கை அழுத்தி கிளட்சை மெல்ல விட்டோம். பாரைக் கழற்றிவிட்டுச் செய்தபோது கோடு தெளிவாக மேலே ஏறியது. மாட்டியபின் அசையவில்லை என்றே சொல்லலாம்.

யூ போல்ட் எல்லாம் புதுசு, பழையதை இழுத்துப் போடவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் வந்து மறுபடி டைட் வைத்துப் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். அவர் வந்தது மூன்று மாதம் கழித்து, ஏசி கூலிங் இல்லை என்று. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலில் அடியில்தான் போனேன். எட்டு நட்டில் ஐந்து அரைச்சுற்று ஏறின.