பாளையங்கோட்டைத் தட்டட்டியில் 40 மீட்டர் டைப்போல்: அனலைசர் தேர்வும் அளவும்

டைப்போல் என்பது நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் கம்பி இழுத்த ஹாம் ரேடியோ ஆன்டெனா. அது எந்த அலைவரிசையில் சரியாக வேலை செய்கிறது என்று அளந்து காட்டும் கருவி அனலைசர். அதை வாங்கும்போது விலையையும் அலைவரிசை எல்லையையும்தான் பலர் பார்ப்பார்கள். நம்ம பக்கத்தில் அதற்கு முன்னால் மீடியம் வேவ் வானொலி நிலையங்களைக் கணக்கில் எடுக்கணும். திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ். தூத்துக்குடி 1053, அதுவும் 200 கிலோவாட். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இழுத்துக் கட்டிய கம்பி அதையும் சேர்த்தே இறக்கித் தரும். வரும் அலை எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கும் டயோடு டிடெக்டர் வைத்த பழைய வகை மீட்டருக்குத் தன் சிக்னல் எது, வந்து சேர்ந்தது எது என்று தெரியாது. 80 மீட்டர் பட்டையில் (3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) முள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அதை நம்பிக் கம்பியை வெட்டினால் நஷ்டம் கம்பிக்குத்தான்.

குறுகிய பட்டையில் மட்டும் கேட்கும் நானோவிஎன்ஏ என்ற சின்ன அனலைசர் இந்த விஷயத்தில் தேவலை. திரையில் கோடு ரம்பப் பல் மாதிரி வந்தால் உள்ளீடு திணறுகிறது என்று அர்த்தம். மீடியம் வேவைத் தடுத்து அதற்கு மேலே உள்ளதை மட்டும் விடும் ஒரு ஹைபாஸ் ஃபில்டரை இடையில் போட்டு, ஃபில்டரோடு சேர்த்தே காலிபரேஷன் (கருவியின் அளவைச் சரிப்படுத்துவது) செய்தால் சரியாகும். அதிலும் 4 அங்குலத் திரை உள்ள எச்4 மாடல் நல்லது, 2.8 அங்குலத்தை நம்ம ஊர் உச்சி வெயிலில் படிக்கத் துண்டைப் போட்டு மூடணும்.

முதலில் சறுக்கும் இடம் ஸ்வீப், அதாவது ஒரு அலைவரிசை எல்லைக்குள் புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே போவது. 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளி வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 290 கிலோஹெர்ட்ஸ். நமக்கு 40 மீட்டர் பட்டையில் இருப்பதே 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையைக் காட்டும் விகிதம், 1-க்குப் பக்கம் இருந்தால் நல்லது) இறங்கும் பள்ளம் இரண்டு புள்ளிக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். 6.5–7.7 வைத்தால் 12 கிலோஹெர்ட்ஸ். எல்லையை வைத்த பிறகே ஓபன், ஷார்ட், 50 ஓம் லோடு மூன்றையும் மாட்டிக் காலிபரேஷன். அதையும் கேபிளின் ஆன்டெனா முனையில் செய்தால்தான் அங்கே உள்ள ஓம் கணக்கு கிடைக்கும்.

வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. பிவிசி வயர், பக்கத்துக்கு 10.30 மீட்டர். பள்ளம் விழுந்தது 6.81 மெகாஹெர்ட்ஸில், நமக்கு வேண்டியது 7.10-இல். 10.30 × 6.81 ÷ 7.10 = 9.88, அதாவது பக்கத்துக்கு 42 செ.மீ. குறையணும். வெட்டாமல் மடக்கி, கம்பியோடு ஒட்டிச் சுற்றிவிட்டுத் திரும்ப அளக்கணும். பக்கத்தில் தென்னை ஓலை உரசினால் மழை பெய்த அன்று அளவு நகரும். காய்ந்த நாளில் பார்த்ததே கணக்கு.

2 மீட்டர் பட்டையில் ஏமாற்றுவது கேபிள். 20 மீட்டர் ஆர்ஜி-58, 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3.5 டெசிபல் தின்னும். திரும்பி வரும் அலையையும் அது தின்பதால், மேலே ஆன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் 3 இருந்தால் கீழே 1.6 காட்டும். ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் 2.6-தான்!

ஆடிக் காற்றில் கம்பியில் மின்னேற்றம் சேரும். இணைக்கும் முன் கேபிளின் நடு ஊசியை வெளிவலையோடு தொடவைத்து இறக்கிவிடணும். இல்லாவிட்டால் உள்ளீட்டுச் சில்லு போய்விடும். தடித்த கேபிளைக் கருவியின் சின்ன எஸ்எம்ஏ சாக்கெட்டில் நேரே தொங்கவிட்டால் சால்டர் விரியும். இடையில் 15 செ.மீ. மெல்லிய ஜம்பர் கேபிள் ஒன்று போதும்.