பழத்தோட்டத்துப் புள்ளிப் பன்றிகள்

இங்கிலாந்தில் செவெர்ன் ஆற்றை ஒட்டிய பெர்க்லி சமவெளியில் தோன்றிய ‘குளோஸ்டர்ஷைர் ஓல்டு ஸ்பாட்ஸ்’ என்னும் மரபுப் பன்றி இனத்தை எங்கள் சிறு பண்ணையில் வளர்த்து வருகிறோம். வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகளும், கண்களை மறைத்துத் தொங்கும் அகன்ற காதுகளும் இதன் அடையாளங்கள். 1913இல் இதற்கென ஒரு சங்கம் அமைவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஆப்பிள் தோட்டங்களில் உதிர்ந்த பழங்களையும், பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரையும் உண்டு இது வளர்ந்திருக்கிறது.

1955இல் அரசு அமைத்த ஒரு குழு, பன்றி வளர்ப்பை ஒரு சில இனங்களோடு நிறுத்திக்கொள்ளப் பரிந்துரைத்தது. வேகமாக வளரும், கொழுப்புக் குறைந்த பன்றிகளையே சந்தை விரும்பிய அக்காலத்தில், மெதுவாக வளரும் மரபு இனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. சுருள்முடி கொண்ட லிங்கன்ஷைர் இனம் 1972இல் அடியோடு அற்றுப்போனது. எங்கள் புள்ளிப் பன்றி தப்பியதை நான் பெரும்பேறாகவே கருதுகிறேன். அன்று குறையென்று ஒதுக்கிய அந்தக் கொழுப்புதான் இதன் இறைச்சிக்குச் சுவையைத் தருகிறது.

காது கண்ணை மறைப்பதால், குரல் கொடுத்துவிட்டுத்தான் அருகே செல்ல வேண்டும். திடீரென்று தொட்டால் மிரளும். வெளிர் தோலை வெயில் எளிதில் புண்ணாக்கிவிடும் என்பதால், கோடையில் நிழலும் புரள்வதற்குச் சேறும் கட்டாயம் தேவை. சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள்கள். பெரும்பண்ணைகளில் நான்கு வாரத்திலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். நாங்கள் எட்டு வாரம் வரை பால் குடிக்க விடுகிறோம்.

நம்மூரில் கழுநீரும் மிச்சச் சோறும் கால்நடைக்குப் போவது இயல்பு. இங்கே இங்கிலாந்தில், 2001இல் கோமாரி நோய் பரவி அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபின், சமையலறைக்குள் சென்று வந்த எதையும், காய்கறித் தோலைக்கூட, பன்றிக்குப் போடுவது குற்றம். அந்நோயின் தொடக்கம், சரியாக வேகவைக்காத கழிவுணவு கொடுத்த ஒரு பன்றிப் பண்ணை என்று கருதப்படுவதால், இச்சட்டம் முற்றிலும் நியாயமானது என்றே நினைக்கிறேன். மரத்தடியில் விழும் ஆப்பிளுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

இவற்றை இறைச்சிக்கு விற்பதைப் பலர் முரண்பாடாகப் பார்க்கிறார்கள். வாங்குவோர் இல்லாவிட்டால், தீவனச் செலவைத் தாங்கி எந்தச் சிறு விவசாயியும் தாய்ப்பன்றிகளை வைத்திருக்க முடியாது. ஆகவே ஒவ்வோர் ஈற்றிலும் குறைந்தது பதினான்கு காம்புகளும், உறுதியான கால்களும், தெளிவான ஒரு புள்ளியாவதும் உள்ள பெண்குட்டிகளை மட்டும் வம்சாவளிக்குப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஏனையவற்றை உள்ளூர் இறைச்சிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம்.