மருந்தை நிறுத்தும் முன்

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு முதல் சில மணி நேரத்திலேயே, தொற்றைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைத் தொடங்குகிறோம். தொற்று அபாயம் கூடுதல் என்றால் ஜிடோவுடின் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் சேரும். குறைந்தது 6 வாரம். மருந்தே இல்லாவிட்டாலும் பச்சிளம் உடம்பு தினம் மாறும் காலம் அது. எது மருந்தால் வந்தது, எது தானாக வந்தது என்று பிரிக்கத் தெரியாதவர் தேவையான மருந்தைத்தான் முதலில் நிறுத்துவார்.

ஜிடோவுடினில் பெரிய தொல்லை இரத்தசோகை. ஆனால் எந்த மருந்தும் வாங்காத குழந்தைக்கும் பிறக்கும்போது 16, 17 கிராம் (100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு) என்றிருந்த ஹீமோகுளோபின் 8 முதல் 12 வாரத்துக்குள் 10, 11க்கு இறங்கும்; குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சீக்கிரம், இன்னும் கீழே. பிறந்தவுடன் ஒரு அளவு எடுத்து வைக்காவிட்டால், 4 வாரத்தில் வரும் 9.5ஐ எதோடு ஒப்பிடுவது? ஜிடோவுடின் வாங்கும் பெரியவர்களிடம் சிவப்பணு பெருப்பது ஒரு தடயம். பச்சிளம் குழந்தையிடம் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) பிறக்கும்போதே 100க்கு மேல் என்பதால் அதுவும் உதவாது. வெளுப்பு, பால் குடிக்கையில் வியர்வை, மூச்சு வாங்குதல், எடை ஏறாமை ஆகியவற்றை ஹீமோகுளோபின் அளவைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் ஜிடோவுடின் கொடுத்துப் பார்த்த, 1994இல் முடிவு வந்த 076 என்ற ஆய்விலும் குழந்தைகளின் சோகை லேசாகவே இருந்து, மருந்து முடிந்தபின் சரியானது.

ஜிடோவுடினால் வெள்ளணு குறைவது வெளியே தெரியாது. 6 வாரத்தில் கோட்ரைமாக்சசோல் (மற்ற தொற்றுகளைத் தடுக்கும் மருந்து) சேர்ந்தால் அதுவும் அதையே செய்யும், தடிப்பும் தரும்.

தடிப்பு என்றதும் நெவிரபின் மேல் பழி விழும். முதல் இரண்டு மூன்று நாளில் வந்து ஒரு வாரத்தில் மறையும் செம்புள்ளியும் கழுத்து மடிப்பு வேர்க்குருவும் மருந்தால் வந்தவை அல்ல. கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் சேர்ந்தால்தான் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள்காமாலையும் வெளிறிய மலமும் கல்லீரலைப் பார்க்கச் சொல்கின்றன. வீட்டில் உரைமருந்து கொடுத்தார்களா என்றும் கேளுங்கள், அதட்டாமல்.

பக்கவிளைவாகத் தெரிவது சில சமயம் வெறும் அளவுப்பிழை. 2.5 கிலோவுக்கு மேல் பிறந்த குழந்தைக்கு நெவிரபின் 15 மில்லிகிராம், அதாவது 1.5 மில்லிலிட்டர் திரவ மருந்து, நாளுக்கு ஒரு வேளை. ஜிடோவுடினும் அதே 1.5 மில்லிலிட்டர்தான், ஆனால் இரு வேளை. உறவுக்காரர் கண்ணில் படாமலிருக்கத் தாய் லேபிளைக் கிழித்துவிட்டால் வேளை மாறிப்போகும். நெவிரபின் மூடியில் ஒரு கோடு, ஜிடோவுடின் மூடியில் இரண்டு கோடு, சிரிஞ்சில் 1.5க்கு நேராக மார்க்கர் அடையாளம்: வீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் செய்து, தாயின் கையாலேயே ஒருமுறை உறிஞ்சிக் காட்டச் சொல்கிறோம்.