இதயவியல் படிப்பும் விசா படிப்பும்: நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 22, திங்கள்

ரொறன்ரோவில் இதயவியல் முடித்ததும் ஒரு வருட மேற்பயிற்சிக்கு அமெரிக்கா போக நினைக்கும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் வார இறுதி முழுவதும் ஒரே பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குப் புதிதாக எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசா விண்ணப்பம் போட்டால் 1,00,000 டொலர் கட்டவேண்டுமாம். வெள்ளிக்கிழமை அறிவிப்பு, நேற்றிலிருந்து நடைமுறை. என்னோடு இதயவியல் கடைசி வருடத்தில் இருக்கும் நண்பன், போனால் எச்-1பியில்தான் போவேன் என்று நின்றவன். அதற்கு யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் மூன்று படிகளும் பாஸ் பண்ணவேண்டும். கனடாவில் படித்து இங்கேயே வேலை செய்கிறவருக்கு அந்தப் பரீட்சையே தேவையில்லை. ஆனாலும் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து உயிர்வேதியியலைத் திரும்பப் புரட்டினான். மூன்றாம் படியைக் கனடாவில் எழுத முடியாது என்பதால் எல்லை தாண்டியும் போய் வந்தான். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பங்களைச் சீட்டுப் போட்டுத் தெரிவுசெய்யும் எச்-1பி குலுக்கல் கிடையாது என்பதுதான் அவனுடைய தெம்பு. இப்போது குலுக்கலைவிடப் பெரிய தலையிடி. ஒரு வருடப் பயிற்சிக்கு வருகிறவனுக்காக எந்த வைத்தியசாலை இவ்வளவு காசு கட்டும்?

செப்டம்பர் 27, சனி

அப்பாவுக்கு நான் போவதே பிடிக்கவில்லை. "உலகத்தில முதன்முதல் நுரையீரல் மாற்றி வெற்றி கண்டது இங்க, ரொறன்ரோ ஜெனரலில. 1983இல. நீ ஏன் அங்க போறாய்?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 2023இல் மட்டும் 4,500க்கு மேல் இதயங்கள் மாற்றினார்கள், கனடா முழுவதிலும் வருடத்துக்கு 200 அளவில்தான் வரும் என்றேன். இதயச் செயலிழப்பும் மாற்று இதயமும் படிக்க நினைப்பவனுக்கு அந்த எண்ணிக்கை முக்கியம். அப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அப்ப திரும்பி வருவாய்தானே?" என்றார்.

ஒக்டோபர் 9, வியாழன்

நண்பன் புதிதாக ஒன்று கண்டுபிடித்து வந்தான்: ரி.என். என்ற அமெரிக்க வேலை அனுமதி. கனடியருக்கு எல்லையிலேயே கிடைக்கும், ஒரு லட்சமும் இல்லை. அதற்குரிய தொழில்களின் பட்டியலில் மருத்துவர் என்று இருப்பது உண்மைதான், ஆனால் பக்கத்திலேயே "கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி மட்டும்" என்று போட்டிருக்கிறது. நோயாளியைத் தொடாத இதயவியல் பயிற்சியை யாராவது நடத்தினால் பார்க்கலாம். அந்தக் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

நவம்பர் 15, சனி

ஆக மிஞ்சியது ஜே-1, படிப்புக்கும் பயிற்சிக்கும் வருகிறவர்களுக்கான பரிமாற்ற விசா. மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1க்கு ஈ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமெரிக்க அமைப்பு மட்டுமே அனுசரணை தரலாம். அதற்குக் கனடாவின் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் கடிதம் வேண்டும்: இந்தத் துறையில் எங்கள் நாட்டுக்கு மருத்துவர்கள் தேவை, இவர் பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவதாக எழுதித் தந்திருக்கிறார் என்று. தேவை என்று அரசாங்கம் எழுதும். திரும்பி வந்தால் வேலை தருவோம் என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள்!

எல்லோரும் பயப்படுவது ஜே-1இன் இரண்டு வருட விதிக்கு. பயிற்சி முடிந்தபின் கனடாவில் மொத்தம் இரண்டு வருடம் இருந்தால்தான் பிறகு எச்-1பியோ கிரீன் கார்டோ எடுக்கலாம். சொந்த நாடு ஆட்சேபணை இல்லை என்று சொன்னாலும் மருத்துவர்களுக்கு அதனால் விலக்குக் கிடையாது. அங்கேயே தங்க விரும்பினால் இந்த விதியிலிருந்து விலக்குத் தரும் கொன்ராட் திட்டம் இருக்கிறது: ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம், மருத்துவர் பற்றாக்குறையான பகுதியில் மூன்று வருட வேலை. இரண்டு வருட விதியைக் கண்ணி என்று சொல்கிறவர்கள் அங்கேயே குடியேற நினைப்பவர்கள். நான் ஒரு வருடத்தில் திரும்பி வருகிறவன். கனடாவில் இருக்கச் சொல்லும் விதி எனக்கு என்ன செய்யப்போகிறது? மாநாட்டுக்குப் போய்வரவும் அது தடை இல்லை.

டிசம்பர் 6, சனி

அமெரிக்காவில் இடம் உறுதி. கனடாவில் ரோயல் கொலிஜ் என்ற சிறப்பு மருத்துவர் அமைப்பு அங்கீகரித்த பயிற்சியை அமெரிக்க பெலோஷிப் என்ற மேற்பயிற்சிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள், அந்த அளவுக்கு நிம்மதி.

இப்போது கவலை மனைவியைப் பற்றி. ஜே-1காரரின் துணைக்கான ஜே-2இல் வந்தால் அவள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், எச்-1பிகாரரின் துணைக்கான எச்-4இல் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. ஜே-1 பக்கம் நான் முழுதாகச் சாய்ந்ததே இதனால்தான். ஆனால் ஒரு வேடிக்கை: அவள் சம்பளத்தில் என்னைப் பராமரிக்கக் கூடாதாம்.

அப்புறம், நான் கனடியக் குடிமகன். எனக்கு விசா முத்திரை வேண்டாம்; ஜே-1க்கான டி.எஸ்-2019 படிவமும் செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான 220 டொலர் கட்டண ரசீதும் பாஸ்போர்ட்டும் இருந்தால் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரி பார்த்து அனுப்புவார். அவளோ இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில், நிரந்தர வதிவிடத்தோடு. யூனிவர்சிட்டி அவெனியூவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குப் போகவேண்டும். டி.எஸ்-2019 கையில் வந்ததும் முதல் வேலை அவளுக்குத் தேதி எடுப்பது, என் சாமான் கட்டுவது பிறகு.