டோக்கியோவில் உக்கியோ-ஏ: குனிந்து பார்த்தால்தான் தெரியும்

உக்கியோ-ஏ என்றால் பெரும்பாலும் மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சடித்த பழைய ஜப்பானியப் படம். அந்த வகையில் பேர்பெற்ற ஓவியர் உதமாரோவின் சமையலறைப் படம் இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்தால்தான் முழுமையாகும். ஒருத்தி மூங்கில் ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறாள். பக்கத்தில் வெந்நீர் மொள்பவள் புகை தாங்காமல் முகம் சுளிக்கிறாள். இன்னொருத்தி கத்தரிக்காய்க்குத் தோல் சீவுகிறாள். 1790களில் அச்சானது. அந்தக் காலத்துப் பெண் படங்களில் யோஷிவாரா என்ற கேளிக்கைப் பகுதியின் கணிகையரும் தேநீர்க்கடைப் பெண்களுமே அதிகம். அடுப்படிக்குள் நுழைந்த படங்கள் குறைவு என்பதால், இந்த வகை கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பார்க்க இரண்டு இடங்கள். உவேனோவில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், ஹொன்கான் கட்டடம், 10ஆம் அறை. அறிவிப்பில் 2ஆம் தளம் என்றிருக்கும், நம் கணக்கில் அது முதல் மாடி. மற்றது ஹராஜுகுவில் ஓத்தா நினைவு அருங்காட்சியகம். அங்கே முழுக்க உக்கியோ-ஏதான், சேகரிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். இரண்டு இடத்திலும் படங்களை அடிக்கடி மாற்றுவார்கள். ஓத்தாவில் மாற்றும் நாட்களில் கதவே திறக்காது. கிளம்பும் முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

மாற்றுவதற்குக் காரணம் சாயம். பழைய நீலம் ஒரு பூவின் சாறு. வெளிச்சம் பட்டால் வெளிறும், ஈரம் பட்டால் கரையும். ஊதா என்பது அந்த நீலமும் குசும்பப்பூச் சிவப்பும் சேர்ந்த கலவை. இன்று பழுப்பாகத் தெரியும் கிமோனோ, அச்சான அன்று ஊதாவாக இருந்திருக்கலாம். 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் மட்டும் இன்னும் அப்படியே அழுத்தமாக நிற்கிறது.

விளக்கு மங்கலாக இருக்கும். நேராக நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கண் படத்துக்குக் கீழே வரும்வரை குனியுங்கள். வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த பின்னணியில் அபிரகத்தூள் மினுங்கும். மையில்லாத பலகையை அழுத்தி எழுப்பிய வெள்ளைப் பூவேலை, படத்துப் பெண்ணின் உடையில் புடைத்து நிற்கும். பிறகு நெற்றியோரத்து மயிர்க்கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு இழையும், இருபுறமும் மரத்தைச் செதுக்கி நீக்கி, காட்டுச் செர்ரிப் பலகையில் மேடாக விட்ட கோடு. தலையைச் செதுக்குவது மூத்த கைவினைஞரின் வேலை, துணிமடிப்பெல்லாம் இளையவர்களுக்கு.

அடுத்து உதடு. நிறத்துக்கு ஒரு பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் இரண்டு வெட்டுகள், மூலைக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று. தாளை அதில் பொருத்தித்தான் அச்சடிப்பார்கள். அச்சடித்து முடிப்பதற்குள் ஈரத்தாள் காய்ந்தால் சுருங்கும். உதட்டின் சிவப்பு, வரைகோட்டைத் தாண்டிப் போய்விடும்.

வாங்க ஆசையிருந்தால் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளுக்குப் போங்கள். கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் பாருங்கள்: கையச்சு என்றால் சாயம் பின்பக்கம் ஊறியிருக்கும், தேய்த்த தடமும் தெரியும். பின்பக்கம் வெள்ளையாக இருந்து, பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. கையச்சிலும் பின்னாளில் புதுப் பலகை செதுக்கி அடித்தவை ஏராளம். எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.