பானெட்டுக்கு முன்னால் நிற்கும் பிள்ளை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெரு மாதிரிப் பழைய தெருக்களில், மாருதி 800 காலத்தில் இரண்டு பக்கமும் கார் நின்றாலும் நடுவில் ஆட்டோ தாராளமாகப் போகும். அந்தக் காரின் அகலம் 1,440 மில்லிமீட்டர். இப்போது வாசலுக்கு வாசல் நிற்கிற எஸ்யூவிகளில் ஸ்கார்பியோ-என்னின் அகலம் 1,917. எதிரும் புதிருமாக இரண்டு நின்றால் தெருவில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போச்சு. ஜனங்கள் நடந்தது அந்த ஒரு மீட்டரில்தான்.

அகலத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமெல்லாம் முன்பக்க உயரத்தைப் பார்த்துத்தான். மகள் எல்கேஜி படிக்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணா வாங்கியிருக்கும் வண்டியின் பானெட் அவள் உச்சந்தலைக்கும் மேலே நிற்கிறது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணா, உங்க சீட்ல ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

"அதுக்கென்னம்மா, ஏறு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

மகளை வண்டியை ஒட்டி நிற்கச் சொன்னேன். ஆளே தெரியவில்லை. ஓர் எட்டு தள்ளி நிற்கச் சொன்னேன். ம்ஹூம். இன்னும் ஓர் எட்டு போன பிறகுதான் குடுமியும் சிவப்பு ரப்பர் பேண்டும் எட்டிப் பார்த்தன. அப்புறம் அண்ணாவும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவருக்குப் பேச்சே வரவில்லை. நிதானமாக ஓட்டுகிற மனிதர் அவர். ஆனால் கண்ணுக்கே படாத பிள்ளைக்காக யார்தான் பிரேக் போட முடியும்?

மோதினாலும் அடி வேறு மாதிரி விழுகிறது. தாழ்ந்த கார் காலில் இடிக்கும், ஆள் பானெட் மேல் சாய்வார். உயர்ந்த வண்டி பெரியவர்களுக்கு இடுப்பிலும் நெஞ்சிலும் இடிக்கும், குழந்தைக்குத் தலையிலேயே இடிக்கும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட நடந்து போகிறவர் உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள்.

வாங்குகிறவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியதைப் பார்த்தவர்கள் உயரமான வண்டி தேடுவது நியாயம்தான். "சின்ன கார் தண்ணியில நின்னுடுதும்மா" என்று அண்ணாவும் சொன்னார். என் கோபம் அரசாங்கத்தின் மேல். ரோட்டையும் வடிகாலையும் சரிசெய்யாமல், 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதமாக இருந்த வரியை 40 ஆக்கினார்கள். கர்நாடகத்தில் ஆயுட்கால சாலை வரியும் விலையை வைத்துத்தான். வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது, முன்னால் எவ்வளவு மறைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அகலத்துக்கும் பானெட் உயரத்துக்கும் சேர்த்து வரி போட வேண்டும். பள்ளி இருக்கிற சந்துகளில் காலையிலும் மாலையிலும் இந்த வண்டிகளை நிறுத்தவே விடக்கூடாது.

பெரிய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முன்பக்கம் ஒரு கேமரா மாட்டிக்கொள்ளுங்கள். அது வரும்வரை, கிளப்புவதற்கு முன் வண்டியின் முன்னால் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.