ஐடிலில் மட்டும் எரியும் ஆயில் லைட்

ஓடும்போது ஒன்றும் இல்லை, இன்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்தினால், அதாவது ஐடிலில் மட்டும் ஆயில் லைட் மினுக்குகிறது என்று யாராவது வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது, கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து எரிகிறது என்பதைத்தான். இந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள ஒரு இன்ஜின் செலவானது. அதுவும் அடுத்தவருடைய இன்ஜின்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த கார் அது. ஆயில் பிரஷர் குறைந்தால் லைட்டை எரியவிடும் பிரஷர் ஸ்விட்ச்தான் போயிருக்கும் என்று மாற்றிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பல நேரம் அதுதான் காரணமாக இருக்கும். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஊறியிருக்கும், புதிது போட்டால் வேலை முடிந்தது. இது ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. சரி என்று ஸ்விட்ச் இருந்த இடத்தில் பிரஷரை முள்ளில் காட்டும் மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்த்தேன், காலையில், ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில். 45 பி.எஸ்.ஐ. (பிரஷரை அளக்கும் அலகு) காட்டியது. "ஒண்ணுமில்ல சார், வயரிங்கா இருக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

குளிர்ந்த ஆயில் கெட்டி, தேய்ந்த இன்ஜினில்கூட நல்ல பிரஷர் காட்டும். உண்மையில் பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில், இன்ஜினில் சுழலும் தண்டான கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே முடியை விட மெல்லிய இடைவெளியில் நெருக்கியடித்து வெளியேற வேண்டியிருப்பதால்தான் பிரஷர் நிற்கிறது. இடைவெளி தேய்ந்து பெரிதாகி, ஆயிலும் சூட்டில் நீர்த்து, ஐடிலில் பம்பும் மெதுவாகச் சுற்றினால் எது நிற்கும்? ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பம்ப் வேகமெடுக்கும், லைட் அணைந்துவிடும்.

மூன்றாம் முறை வந்தபோதுதான் நன்றாக ஓட்டி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்ற பிறகு கேஜைப் பார்த்தேன். ஐடிலில் 5, 2,500 ஆர்.பி.எம்.மில் 32. பெரும்பாலான ஸ்விட்சுகள் பிரஷர் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கினால்தான் லைட்டை எரியவிடும், ஆக அந்த லைட் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதிகப் பிரஷரை வெளியேற்றிவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் ரெய்ஸ் செய்தாலும் இந்த அளவுக்கு ஏறியிருக்காது. அதனால் பம்ப்தான் என்று முடிவு கட்டி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலிருக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருப்பதையும் பார்த்துவிட்டு, புது பம்ப் போட்டேன். 5 இருந்தது 7 ஆனது.

சம்ப் திறந்து கிடக்கும்போதே ஒரே ஒரு பேரிங் கேப்பைக் கழற்றிப் பார்த்திருக்கலாம், இரண்டு போல்ட் வேலை. பார்க்கவில்லை. ஓனர் கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகுமா என்று கேட்க, நானும் ஊற்றினேன். லைட் அணைந்தது, அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் டொக் டொக் என்று சத்தத்தோடு கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் மூன்றாவதின் பேரிங்கில் சாம்பல் நிற மேல்பூச்சே இல்லை, செம்பு நிறத்தில் பளபளத்தது. கிராங்கிலும் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் கோடுகள். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்திருந்தால் அந்தச் செம்புத் தூள் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

அதற்காக எல்லாமே பேரிங்தான் என்று ஓடவும் கூடாது. அண்மையில் ஒரு காரில் இதே புகார், சூட்டில் ஐடிலில் 6. சம்பைக் கழற்ற ஸ்பானரை எடுத்துவிட்டேன், அப்புறம் எதற்கும் பார்ப்போமே என்று ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் நெடி. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகி ஆயிலையே கரைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, மறுபடி சூடாக்கிப் பார்த்தபோது ஐடிலில் 14.